கலியாண வரவேற்பில் பழைய குடும்பப் படங்களைக் காட்சிக்கு வைக்கும் முறை

பெற்றோரினதும் பாட்டன் பாட்டிமாரினதும் கலியாணப் படங்களை வரவேற்பு மண்டபத்தில் வைப்பதற்கு, எங்கள் வீட்டு வைபவத்தின்போது நான் கையாண்ட முறையை இங்கே தருகிறேன். மூலப் படம் எதுவும் மண்டபத்துக்குப் போகக் கூடாது. அங்கே வைப்பதெல்லாம் பிரதிகளே.

முதலில் படங்களைச் சேர்க்க வேண்டும். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோது அல்பங்களை விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் ஏராளம். வீட்டில் இல்லாத படத்தின் பிரதி லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு மாமியின் அலுமாரியில் இருக்கக்கூடும் என்பதால், கலியாணத்துக்குச் சொல்லும்போதே அதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, படங்களை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கான் செய்யுங்கள். 4×6 அங்குலப் படம் அப்போது 2400×3600 புள்ளிகளாகப் பதிவாகும். அதை 8×12 அங்குலத்தில் தெளிவாக அச்சிடலாம்.

பலர் இடறும் இடம் சட்டமிட்ட படங்கள்தான். ஈரப்பதனால் படத்தின் மேற்பரப்பிலுள்ள ஜெலற்றின் இளகி, நாளடைவில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. சட்டத்தைச் சாய்த்துப் பார்த்தால், ஒட்டிய இடம் நனைந்ததுபோல மினுங்கும். அதை உரிக்க முயன்றால் அம்மம்மாவின் முகம் கண்ணாடியோடு போய்விடும். பின்பலகையையும் மரச்சட்டத்தையும் மட்டும் கழற்றி, படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே பிரதியெடுக்க வேண்டும். அச்சுப்பொறியோடு இணைந்து வரும் மெல்லிய ஸ்கானர்களில் பல, கண்ணாடியின் தடிப்புக்கு அப்பாலுள்ளதை மங்கலாகவே பதியும். ஆகவே கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, விறாந்தையில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்படி நிறுத்தி, நடுவில் துளையிட்ட கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்று, அத்துளையினூடாகக் கமெராவால் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கறுப்புத் துணி இருந்தால் உங்கள் உருவம் கண்ணாடியில் தெரியாது.

எழுபது, எண்பதுகளின் வண்ணப் படங்கள் சிவந்து போயிருந்தால் அளவாகத் திருத்தலாம். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணமேற்றும் செயலிகளை நான் விரும்புவதில்லை. கூறை என்ன நிறம் என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

அச்சுக்கு மினுக்கமில்லாத மட் தாளையே கேளுங்கள். மினுங்கும் தாளில் வீடியோக்காரரின் விளக்கு மட்டுமே தெரியும். படங்களை ஃபோம் போர்ட்டில் ஒட்டி, மையம் ஏறத்தாழ 150 சென்ரிமீற்றர் உயரத்தில் வருமாறு நிறுத்துங்கள். நிறைகுடத்துக்கும் குத்துவிளக்குக்கும் மிக அருகில் வேண்டாம். மாலையும் போட வேண்டாம், ஏனெனில் மாலையிட்ட படத்தைக் கண்டால், உயிரோடிருப்பவரைப் பற்றியும் "எப்ப மோசம் போனவர்?" என்று கேட்கக்கூடும். ஒவ்வொரு படத்தின் கீழும் ஆண்டு, ஊர், மணமக்களுக்கு என்ன முறை என்பவற்றை எழுதுங்கள். இரு வீட்டாரின் படங்களும் சம எண்ணிக்கையில் இருக்கட்டும். எண்ணிப் பார்ப்பவர்கள் நிச்சயம் வருவார்கள்.

பிற்சேர்க்கை: வாசித்தவர்கள் இரண்டு சிக்கல்களைச் சுட்டிக்காட்டினார்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும் என்பதால், வெளிநாட்டு உறவினர்களிடம் டொக்கியுமென்ற் ஆக அனுப்பச் சொல்லுங்கள். மண்டபத்து நிலமின்விசிறி ஃபோம் போர்ட்டைத் தள்ளி வீழ்த்திவிடும். தாங்கிகளின் கால்களில் மணல் பைகளைக் கட்டினால் போதும்.