மரச் சமையல் மேடைக்கு எந்தப் பூச்சு?

மெல்பர்னில் நாங்கள் வாங்கிய வீட்டின் சமையல் மேடை டாஸ்மேனியன் ஓக். பெயரில்தான் ஓக், உண்மையில் அது மூன்று வகை யூகலிப்டஸ் மரங்களுக்கு இங்கே வழங்கும் பொதுப்பெயர். மேலே பளபளவென்று பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சைப் பூசியிருந்தார்கள். ஒரே ஆண்டில் சிங்க்கைச் சுற்றிக் கறுத்துவிட்டது. குழாயடியில் தலைமுடி அகலத்தில் ஒரு கீறல். உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. நகத்தால் நெம்பினேன். பூச்சு வெங்காயத் தோல்போல உரிந்து வந்தது. அடியில் மரம் ஈரமாக, கறுப்பாக இருந்தது. கையகல இடத்துக்காக 3 மீட்டர் மேடை முழுவதையும் தேய்க்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு எந்தப் பூச்சைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கெட்டுப்போன இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா?

படி 1: பூச்சைத் தேர்ந்தெடுங்கள்

பாலியூரிதேன், வார்னிஷ் போன்றவை மரத்தின்மேல் தோலாகப் படிபவை. அந்தத் தோல் முழுதாக இருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகாது; கிழிந்தால் ஒட்டுப்போடுவது கடினம். சிங்க் இல்லாத தனி மேடைக்கு வேண்டுமானால் பூசலாம்.

எண்ணெய்கள் மரத்துக்குள் இறங்குபவை. இதில் புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் மரத்தில் இறுகாது. பிசுபிசுப்பாகவே நின்று நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய் (டங் மரத்தின் விதையிலிருந்து எடுப்பது) ஆகியவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும். ஆனால் கலப்பில்லாத டங் எண்ணெய் முழுமையாக இறுகப் பல வாரங்கள் ஆகும். அதுவரை அன்றாடச் சமையலை நிறுத்திவைக்க யாரால் முடியும்? டப்பாவில் ‘டங் ஆயில் ஃபினிஷ்’ என்று இருந்தால் அது பெரும்பாலும் வார்னிஷும் கரைப்பானும் கலந்தது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் (மினரல் ஆயில்) இறுகவே இறுகாது. காய் நறுக்கும் பலகைக்கு அது போதும், மேடைக்குப் போதாது.

நான் தேர்ந்தெடுத்தது ஹார்ட்வேக்ஸ் எண்ணெய். தாவர எண்ணெயும் மெழுகும் கலந்தது. பாலியூரிதேன் அளவுக்குத் தண்ணீரைத் தாங்காதுதான். ஆனால் கறைபட்ட இடத்தை மட்டும் தேய்த்து, அங்கே மட்டும் மறுபடி பூசலாம். அன்றாடம் புழங்கும் சமையலறைக்கு என் பரிந்துரை இதுவே.

படி 2: மரத்தைத் தயார் செய்யுங்கள்

பழைய பூச்சை 80 எண் உப்புத்தாளில் தொடங்கி, 120, பிறகு 150 அல்லது 180 வரை மர வரியின் போக்கிலேயே தேய்த்து எடுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். மரம் வழவழப்பாகிவிட்டால் எண்ணெய் உள்ளே இறங்காது. கடைசித் தேய்ப்புக்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால், எழும்பி நிற்கும் நார்கள் தேய்ப்பில் போய்விடும்.

தேய்த்தும் போகாத கறுப்பு, பெரும்பாலும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்ததால் வந்தது. ஈரமான தோசைக்கல்லை வைத்த இடத்தில் விழும் வட்டமும் இதுதான். ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் இதைப் போக்கும். அது நச்சு, கையுறை போட்டுக்கொண்டு பூசி, நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு மூச்சுக்கவசம் இல்லாமல் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி மூச்சுக்குக் கேடு.

படி 3: பூசுங்கள்

மெல்லியதாக, மிக மெல்லியதாக. துணியாலோ பிரஷாலோ தடவி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். தேங்கி நின்றால் பிசுபிசுப்பு போகாது. ஒரு பூச்சு காய்ந்த பிறகு இரண்டாவது. இடைவெளி எவ்வளவு என்பதை டப்பாவில் பாருங்கள். ஓர் இரவு விட்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மேல்பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். அடிப்பக்கமும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஈரத்தை வாங்கினால் பலகை வளையும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் நீராவி தாக்கும் அடிப்பாகத்தை மறக்கவே கூடாது. சிங்க்குக்காக வெட்டிய துளையின் உள்விளிம்பும் பலகையின் அறுபட்ட முனைகளும் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும். அங்கே இரண்டுக்கு நான்கு முறை பூசுங்கள். எங்கள் மேடை கறுத்தது அந்த விளிம்பிலிருந்துதான்.

படி 4: எண்ணெய்த் துணியைக் கவனியுங்கள்

இறுகும் எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். கசக்கிக் குப்பையில் போட்ட துணி தானாகவே தீப்பிடிக்கலாம். வேலை முடிந்த கையோடு தண்ணீரில் முக்குங்கள், அல்லது வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

படி 5: பராமரிப்பு

முதல் இரண்டு வாரம் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். கொதிக்கும் குக்கரை நேராக மேடைமேல் என்றைக்குமே வைக்காதீர்கள். அவ்வப்போது சிங்க் அருகே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. பரவி மரம் கறுத்தால் அந்த இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, 180 தாளால் லேசாகத் தேய்த்து எண்ணெய் தடவுங்கள்.

மஞ்சள் கறை எண்ணெய் பூசிய மரத்தில் படியத்தான் செய்யும். சோப்பு பட்டதும் சிவந்தால் பயப்பட வேண்டாம்; மஞ்சளின் இயல்பு அது. சுத்தமான தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ஜன்னலோரமாக வெயில் படும் இடமென்றால் மிஞ்சிய சாயம் சில நாட்களில் தானாகவே வெளிறிவிடும்.