தரைக்கு ஒரு மீட்டர் மேலே மூக்கு கவிழ்ந்த கனார்ட்

மூன்று வாரக் கடைசிகளையும் இரண்டு முன்சக்கரக் கம்பிகளையும் தின்ற பிரச்சினை. என் கனார்ட் மாடல் விமானம், அதாவது சின்ன இறக்கை வாலில் இல்லாமல் மூக்குப் பக்கம் இருக்கும் வகை, மேலே அருமையாகப் பறக்கும். இறக்கும்போது தரைக்கு ஒரு மீட்டர் இருக்கையில் மூக்கைத் தூக்க எலிவேட்டரை (அந்த முன் இறக்கையின் அசையும் மடலை) இழுத்தால், மூக்கு எழாமல் பொத்தென்று கவிழும்.

முதலில் பேட்டரியை 10 மி.மீ. முன்னால் தள்ளினேன். மூக்குப் பக்கம் கனம் இருந்தால் பத்திரம் என்ற பழைய பழக்கம்தான். நிலைமை மோசமானது; அந்தச் சுமையைத் தூக்குவது முன் இறக்கைதானே! அடுத்து எலிவேட்டர் அசைவைக் கூட்டினேன். இன்னும் சீக்கிரமே கவிழ்ந்தது.

பிறகு ஒருநாள் துடைக்கும்போது முன் இறக்கையின் மேற்புறத்தில் நகம் தட்டியது. பழைய கீறலுக்கு ஒட்டிய டேப்பின் ஓரம், முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால் படி மாதிரி தூக்கியிருந்தது. காகிதக் கனம்கூட இல்லை. ஆனால் அவ்வளவு குறுகிய இறக்கையில், மெதுவான வேகத்தில், காற்று மேற்பரப்பை விட்டுப் பிரிந்து தூக்குவிசை போக அது போதும். ஆள் ஏறிப் பறக்கும் முழு அளவு கனார்ட் விமானமான லாங்-ஈஸியின் பழைய முன் இறக்கையே மழைத்துளி பட்டால் தூக்குவிசை இழக்கும்.

டேப்பை உரித்து, இரு ஓரமும் அடிப்புறத்தில் முடியும்படி புதிதாகச் சுற்றினேன். பேட்டரியும் எலிவேட்டர் அசைவும் பழைய அளவுக்கே. உயரத்தில் திராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தை, குறைத்து எலிவேட்டரை இழுத்துப் பார்த்தேன்: மூக்கு மெல்லத் தலையாட்டியது, கவிழவில்லை. இப்போது சக்கரம் தொடும்வரை கொஞ்சம் திராட்டில் வைத்தே இறக்குகிறேன். பதினோரு முறை இறக்கியாயிற்று, கம்பி நேராகவே இருக்கிறது.