"அவ எப்படி இருப்பா?"ன்னு கேட்டா பசங்களை இங்கிலீஷ்ல பதில் சொல்ல வைக்கிறது எப்படி?

எங்க வீட்டு மொட்டை மாடிக்கு சாயங்காலம் ஏழெட்டு பசங்க படிக்க வருவாங்க, மூணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும். ஒரு ஆள் பாக்க எப்படி இருப்பாங்கன்னு இங்கிலீஷ்ல சொல்ற பாடத்தை முதல் தடவை எடுத்தப்ப டால், ஷார்ட், தின், கர்லின்னு இருபது வார்த்தையை போர்டுல எழுதிப்போட்டு மனப்பாடம் பண்ணச் சொன்னேன், எல்லாரும் கடகடன்னு ஒப்பிச்சுட்டாங்க. அப்புறம் ஒரு பாப்பாகிட்ட உங்க பாட்டி எப்படி இருப்பாங்கன்னு கேட்டா, "மை கிராண்ட்மதர் இஸ் நோ டீத்"ங்கிறா. வார்த்தை தெரியுது, நடுவுல வர்ற இஸ் தான் கவுத்துருச்சு. அதனால இப்பல்லாம் தலைகீழா ஆரம்பிக்கிறேன்.

ஸ்டெப் 1: இஸ்ஸா, ஹேஸ்ஸா?

இதுக்கு மட்டும் ரெண்டு நாள் ஒதுக்குங்க, அவசரமே வேணாம். தமிழ்ல "அவ உயரம்", "அவளுக்கு சுருட்டை முடி"ன்னு வினைச்சொல்லே இல்லாம சொல்லிட்டுப் போயிடுவோம், இங்கிலீஷ்ல அந்த எடத்துல ஏதாவது ஒண்ணு வந்தே ஆகணும், பசங்க கைக்கு கிடைச்ச இஸ்ஸைத் தூக்கிப் போட்டுடறாங்க. நான் சொல்லிக்குடுக்கிற வழி இதான்: முதல்ல தமிழ்ல சொல்லிப் பாரு, "அவளுக்கு"ன்னு க்கு வந்தா ஹேஸ், வெறும் "அவ"ன்னு நின்னா இஸ். அவ உயரம், ஷீ இஸ் டால். அவளுக்கு சுருட்டை முடி, ஷீ ஹேஸ் கர்லி ஹேர். பாட்டிக்கு பல்லு இல்ல, ஷீ ஹேஸ் நோ டீத்.

ரெண்டு எடத்துல இது காலை வாரும், முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. அவருக்கு வழுக்கை, ஆனா ஹீ இஸ் பால்ட். அவளுக்கு பத்து வயசு, ஆனா ஷீ இஸ் டென்.

கையும் சேர்ந்து ஆடணும். இஸ் சொல்றப்ப தலையில இருந்து கால் வரைக்கும் கையை வீசணும், ஹேஸ் சொல்றப்ப அந்த எடத்தைத் தொடணும். டிரெஸ்ஸுக்கு சட்டையைப் பிடிச்சு இழுத்து இஸ் வேரிங். எப்பவும் போடுற மூக்குக்கண்ணாடின்னா ஷீ வேர்ஸ் கிளாஸஸ், அவ்ளோதான்.

இன்னொண்ணு, அம்மாவையும் அவங்கம்போம் அப்பாவையும் அவங்கம்போம், அதனால பசங்களுக்கு ஹீயும் ஷீயும் குழம்பும். அதட்டாதீங்க, "ஹீயா ஷீயா?"ன்னு மட்டும் திருப்பிக் கேளுங்க, அவங்களே திருத்திப்பாங்க.

ஸ்டெப் 2: வார்த்தைங்க

பத்து பன்னெண்டு போதும். மலையும் உயரம் அண்ணனும் உயரம்கிறதால "மை பிரதர் இஸ் ஹை"ம்பாங்க, அது அண்ணன் போதையில இருக்கான்னு ஆயிடும், ஆளுக்கு டால் தான். ஹேருக்கு முன்னாடி அ வேணாம், பின்னாடி எஸ் வேணாம். மீசை, தாடிக்கு அ கண்டிப்பா வேணும், அ மஸ்டாஷ், அ பியர்ட். நீளம், சுருட்டை, கலர்னு இந்த வரிசையில அடுக்கணும், லாங் கர்லி பிளாக் ஹேர்.

கண்ணுக்கு "பிளாக் ஐ"ன்னா குத்து வாங்கி கன்னிப்போன கண்ணுன்னு அர்த்தம், டார்க் பிரௌன் ஐஸ்னு பழக்குங்க. சில புக்ல புளூ ஐஸ், பிளாண்ட் ஹேர்னு பக்கம் பக்கமா இருக்கும், நம்ம தெருவுல அப்படி யார் இருக்காங்க, அது பின்னாடி வரட்டும்.

ஸ்டெப் 3: யாரைப் பத்தி சொல்றது?

பக்கத்துல உக்காந்திருக்கிற பையனைப் பத்தி சொல்லச் சொல்லாதீங்க. நான் சொல்லப்போய் ஒரு பையனுக்கு "ஃபேட்டி"ன்னு பட்டப்பேரு ஆயிடுச்சு, ஒரு வாரம் அவன் வரவே இல்ல, இன்னும் மனசுல உறுத்துது. தோல் கலரையும் நான் எடுக்கிறதே இல்ல, அதை வச்சு கேலி பண்ண நம்ம ஊர்ல தனியா சொல்லிக்குடுக்கவே வேணாம்.

பேசாம ஃபேன்சி ஸ்டோர்ல விக்கிற தலைவர்கள் சார்ட் ஒண்ணு வாங்குங்க. பாரதியாருக்கு முறுக்கு மீசையும் தலைப்பாகையும், காந்திக்கு வழுக்கையும் வட்டக் கண்ணாடியும், அப்துல் கலாமுக்கு நடுவகிடு எடுத்த நரைமுடி, பெரியாருக்கு நீளமான வெள்ளைத் தாடி. மொத்தப் பாடமும் அந்த ஒரே சார்ட்ல இருக்கு.

ஸ்டெப் 4: கேள்வி கேக்குறது

"எப்படி இருப்பா?"ங்கிறதை அப்படியே மாத்தி ஹௌ இஸ் ஷீன்னு கேட்டா நல்லா இருக்காளான்னு விசாரிக்கிற மாதிரி ஆயிடும். வாட் டஸ் ஷீ லுக் லைக்னு கேக்கணும். அந்த லுக்கை முழுங்கிட்டா "மேங்கோ"ன்னு பதில் வரும், என்ன பிடிக்கும்னு கேட்டதா நெனச்சுப்பாங்க.

ஸ்டெப் 5: விளையாட்டு

கெஸ் ஹூன்னு ஒரு போர்டு கேம் இருக்கு, 24 முகம் இருக்கும், எதிராளி மனசுல யாருன்னு கேள்வி கேட்டே கண்டுபிடிக்கணும். காசு குடுத்து வாங்க வேணாம், சார்ட்டை வெட்டி அட்டையில ஒட்டுனா போதும். டஸ் ஹீ ஹேவ் அ பியர்ட், இஸ் ஹீ பால்ட்னு மாத்தி மாத்திக் கேப்பாங்க. கேள்வின்னு வந்தா ஹேஸ் ஹேவா மாறிடும், அதை மட்டும் கவனிச்சுக்கோங்க.

அடுத்து, நீங்க சொல்லச் சொல்ல அவங்க வரையணும். போன வாரம் நான் பெரியாரை மனசுல வச்சுக்கிட்டு ஹீ ஹேஸ் அ லாங் ஒயிட் பியர்ட்னேன், மூணாவது படிக்கிற ஒருத்தன் அதை பேர்ட்னு கேட்டுட்டு, தாடைக்குக் கீழ நீளமா ஒரு வெள்ளைக் கொக்கைத் தொங்கவிட்டிருந்தான். இப்பல்லாம் பியர்ட்னு சொல்றப்ப தாடையைத் தடவிக்கிட்டேதான் சொல்றேன்.