சென்னையிலிருந்து டொராண்டோ: பூக்கட்டும் நூலால் ஒரு கணக்கு

ஒரு ஜூலை மாதம் மகளைப் பார்க்கக் கிளம்பினேன். டிக்கெட்டில் சென்னை காலை 5.35, டொராண்டோ அதே நாள் மாலை 6.05. பன்னிரண்டரை மணி நேரம்தானே என்று ஒரு வேளை சர்க்கரை மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மீதியைப் பெட்டியோடு அனுப்பிவிட்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தீர்க்கரேகை நடத்தியவன் செய்த காரியம் இது!

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பேரன் விட்டுப்போன உலக உருண்டையை எடுத்தேன். சுவர் வரைபடம் இதற்கு உதவாது. அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அரேபியா, சஹாரா, அட்லாண்டிக் என்று போகும். உருண்டையில் சென்னையையும் டொராண்டோவையும் தொட்டு நூலை இழுத்துப் பிடியுங்கள். பஞ்சாப், கஜகஸ்தான், யூரல் மலை, கிரீன்லாந்து என்று வடக்கே ஏறி இறங்கும். அதுதான் குறுக்குவழி.

இனி அளவு. அதே நூலைப் பூமத்திய ரேகையில் ஒரு சுற்று சுற்றுங்கள். என் உருண்டைக்கு 94 செ.மீ. வந்தது. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. என்பதால் ஒரு செ.மீ.க்கு 425 கி.மீ. டொராண்டோ நூல் 31.5 செ.மீ.; அதாவது சுமார் 13,400 கி.மீ.

ஆனால் நான் லண்டனில் மாறிப் போனேன். சென்னை–லண்டன் சுமார் 8,230, லண்டன்–டொராண்டோ சுமார் 5,710. கூட்டினால் 13,940; நேர்வழியைவிடச் சுற்று 540 கி.மீ.தான். தொந்தரவு தூரத்தில் இல்லை, லண்டனில் காத்துக் கிடப்பதில்.

பறக்கும் நேரத்துக்கு, விமானம் மணிக்கு 850 கி.மீ. போவதாக வைத்துத் தூரத்தை 850-ஆல் வகுத்து, ஏற இறங்க முக்கால் மணி கூட்டிக்கொள்வேன். லண்டனுக்குப் பத்தரை மணி வரும். அங்கிருந்து டொராண்டோவுக்கு ஏழரை வரும். எதிர்க்காற்றால் அது எட்டாகிவிடும். உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. அதனால் திரும்பும்போது அதே தூரத்தை ஏழு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். விமானங்கள் சில நாடுகளின் வான்வெளியைச் சுற்றிப் போக வேண்டியிருந்தால் கணக்கு இன்னும் நீளும்.

வீடு விட்டு வீடு சேரும் நேரம் வேண்டுமென்றால் டிக்கெட்டின் இரண்டு கடிகாரங்களையும் ஒரே ஊருக்குக் கொண்டுவர வேண்டும். கோடையில் டொராண்டோ நமக்கு 9.30 மணி பின்னால். மாலை 6.05 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 3.35. ஆக, விமான நிலையம் விட்டு விமான நிலையம் மட்டுமே 22 மணி நேரம்: பறந்தது 18.45, லண்டனில் உட்கார்ந்தது 3.15.

நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவைப்பதால் அந்த 9.30 என்பது 10.30 ஆகிவிடும். இது தெரியாமல் ஒரு டிசம்பரில், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு போன் போட்டு மகளை விடியற்காலை மூன்றரைக்கு எழுப்பியிருக்கிறேன்.