ஸ்டீல் பாலத்தை கருப்பு வெள்ளையில எடுக்கறது எப்படி

ஸ்டீல் பாலம், டவர் எல்லாம் கலர்ல எடுத்துட்டு வந்து சாச்சுரேஷனை (கலரோட அடர்த்தியை) பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டா கருப்பு வெள்ளை ஆயிடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அப்படி பண்ணா பாதி நேரம் இரும்பும் வானமும் ஒரே சாம்பல்ல ஒட்டிக்கும், பாலம் எங்க முடியுதுன்னே தெரியாது. அதனால ஷட்டரை அமுக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு முடிவு பண்ணிக்கோங்க, இரும்பு வானத்தை விட வெளுப்பா தெரியணுமா இல்ல கருப்பா தெரியணுமா?

அதுக்கு பாலத்தோட பெயின்ட்டை பாருங்க. சான் பிரான்சிஸ்கோவுல 1937-ல திறந்த கோல்டன் கேட் பாலம் செம்மை கலந்த ஆரஞ்சு, பின்னாடி நீல வானம். ரா ஃபைல்ல (கேமரா சென்சார் பிடிச்சதை ப்ராசஸ் பண்ணாம வச்சிருக்கற ஃபைல்) எடுத்துட்டு சாஃப்ட்வேர்ல, ஒவ்வொரு கலரும் எவ்வளவு வெளுப்பா தெரியணும்னு மாத்தற ஸ்லைடர்கள்ல சிவப்பு, ஆரஞ்சை ஏத்தி நீலத்தை இறக்கினா பாலம் வெளுத்து வானம் கருத்துடும், அப்படியே தலைகீழா பண்ணா வெள்ளை வானத்துல கருப்பு பாலம், ரெண்டுமே ஒரே ஃபைல்தான். ஆனா கொல்கத்தா ஹவுரா பாலம் மாதிரி சாம்பல் பெயின்ட்னா ஸ்லைடர் வானத்தை மட்டும்தான் மாத்தும், இரும்பை வெளிச்சம்தான் காப்பாத்தணும். நீலத்தை ரொம்ப இறக்காதீங்க, கம்பியோட ஓரத்துல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு வந்துடும், வானத்துலயும் புள்ளி புள்ளியா நாய்ஸ் ஏறும். ஃபிலிம்ல எடுக்கறவங்க இதையே லென்ஸ் முன்னாடி சிவப்பு ஃபில்டர் போட்டு பண்ணுவாங்க, 25-ம் நம்பர் ஃபில்டர்னா சுமார் 3 ஸ்டாப் எக்ஸ்போஷர் கூட்டணும் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் ரெண்டு மடங்கு).

கேமராவை மோனோக்ரோம் மோடுல வச்சு ராவுல எடுங்க. ஸ்க்ரீன்ல கருப்பு வெள்ளையா பார்த்து எடுக்கலாம், ஃபைல்ல கலர் அப்படியே இருக்கும்.

வெளிச்சத்துக்கு வரேன், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இதுதான். பழைய பாலங்கள் ரிவெட் (தகடுகளை இணைக்கற உலோக ஆணி) அடிச்சு கட்டினது, ஸ்காட்லாந்துல 1890-ல திறந்த ஃபோர்த் ரயில் பாலத்துல மட்டும் 65 லட்சம் ரிவெட்டுக்கு மேல இருக்கு. ஒவ்வொரு ரிவெட்டோட தலையும் பாதி கோலிகுண்டு மாதிரி உருண்டையா இருக்கும், காலையில முதல் ஒரு மணி நேரம் வெயில் தகட்டை உரசிக்கிட்டு பக்கவாட்டுல வரும்போது ஒரு பக்கம் மினுங்கி மறுபக்கம் பிறை மாதிரி குட்டியா நிழல் விழும். அதே தகட்டை வெயில் நேரா முகத்துல அடிக்கற நேரத்துல போய் பாருங்க, எல்லாம் தட்டையா இருக்கும். வெல்டிங் பண்ண புது பாலங்கள்ல இந்த விளையாட்டு இல்ல, அங்க கேபிளும் வளைவும்தான் சப்ஜெக்ட், அதுக்கு மூடுபனி பிரமாதமா இருக்கும்.

அபர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 8-லேர்ந்து 11, ஐஎஸ்ஓ 100 போதும். எஃப் 16-ஐ தாண்டினா துவாரம் ரொம்ப சின்னதாகி, வெளிச்சம் சிதறற டிஃப்ராக்ஷன்ல ரிவெட் எல்லாம் மழுங்க ஆரம்பிச்சுடும். ஈரமான இரும்பு கண்ணாடி மாதிரி அடிக்கும், அந்த மினுக்கு வெடிக்காத (விவரமே இல்லாம வெறும் வெள்ளையா போயிடாத) அளவுக்கு எக்ஸ்போஷரை குறைச்சு எடுங்க, நிழலை அப்புறம் தூக்கிக்கலாம், வெடிச்ச வெள்ளையை திரும்ப கொண்டுவரவே முடியாது.

ட்ரைபாடை முடிஞ்சவரை பாலத்து மேல வைக்காதீங்க, கரையில வைங்க. நான் ஒருதடவை பாலத்து நடைபாதையில வச்சு 8 செகண்ட் எக்ஸ்போஷர் ஓட விட்டேன், நடுவுல ரயில் போச்சு, ஒவ்வொரு கம்பியும் ரெண்டு ரெண்டா விழுந்துடுச்சு, கண்ணால பார்த்தா பாலம் அசைஞ்ச மாதிரியே இல்ல! தண்ணியை பால் மாதிரி வழவழப்பாக்கணும்னா 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை குறைக்கற கருப்பு கண்ணாடி) போடுங்க, 60-ல ஒரு செகண்ட் இருந்தது சுமார் 17 செகண்ட் ஆகும், அதுக்கும் கரைதான் சரி. தண்டவாளத்துல மட்டும் இறங்காதீங்க, எந்த போட்டோவுக்காகவும் வேண்டாம்.

பாலத்துக்குள்ள நின்னு நேரா எடுக்கறதா இருந்தா ஸ்க்ரீன்ல க்ரிட் லைன் (கட்டம் கட்டமான கோடு) போட்டு சரியா நடுவுல நில்லுங்க, அரை அடி தள்ளி நின்னாலும் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு தப்பா எடுத்த மாதிரி இருக்கும். நடு வேண்டாம்னா நல்லாவே ஓரத்துக்கு போயிடுங்க.

எடிட் பண்றப்ப கான்ட்ராஸ்ட் ஏத்த ஏத்த கை நிக்காது, எனக்கும் அப்படித்தான். அதுக்கு நான் பண்றது, கர்டருக்கு (பாலத்தை தாங்கற பெரிய உத்திரத்துக்கு) அடியில இருக்கற நிழலை நூறு பர்சென்ட் ஜூம்ல திறந்து வச்சுக்குவேன், அங்க இருக்கற ரிவெட்டை எண்ண முடியறவரைக்கும் கருப்பை இழுப்பேன், எண்ண முடியலன்னா ஒரு படி பின்னாடி வந்துடுவேன்.