பழ ஈயில் ஒரு சடுதிமாற்றம் செல் சுழற்சியை எந்த இடத்தில் குலைக்கிறது என்று கண்டறியும் முறை

ஒரு மரபணு பழுதடைந்தால் ஈயின் சிறகு சிறுத்துப்போகலாம், கண் சொரசொரப்பாகலாம், கரு முட்டையோட்டுக்குள்ளேயே மடியலாம். இவற்றில் எதுவும் செல் சுழற்சி குலைந்தது என்பதற்குத் தனித்த சான்றாகாது. செல்கள் மெதுவாக வளர்ந்தாலும், பிறந்தவற்றில் பாதி இறந்தாலும் சிறகு சிறுக்கத்தான் செய்யும். ஆகவே முதலிலேயே கேள்வியைக் குறுக்கிக்கொள்ள வேண்டும்: டி.என்.ஏ. இரட்டிக்கும் எஸ் கட்டம், செல் பிளவுறும் எம் கட்டம், இவற்றுக்கு முன்னே வரும் ஜி1, ஜி2 இடைவெளிகள் ஆகிய நான்கில் செல்கள் எங்கே தேங்கி நிற்கின்றன?

இரு நகல்களும் பழுதானால் உயிர்போக்கும் சடுதிமாற்றத்தை, பச்சை ஒளிர் புரதம் சுமக்கும் பேலன்சர் குரோமோசோமுக்கு (இணையுடன் துண்டு மாற்றிக்கொள்ளாமல் சடுதிமாற்றத்தை வம்சத்தில் தக்கவைக்கும் குரோமோசோம்) எதிராக வைத்து வளர்ப்பது வழக்கம். அந்த வம்சத்தின் முட்டைகளில் ஒளிராதவையே இரு நகலும் பழுதான கருக்கள். ஒளிரும் உடன்பிறப்புகள் ஒப்பீட்டுக்கு உதவும். அதே குரோமோசோமில் ஒளிந்திருக்கும் வேறொரு பழுது விளைவுக்குக் காரணமாகிவிடக் கூடும் என்பதால், அந்த மரபணுப் பகுதியே நீங்கிய குரோமோசோமோடு சடுதிமாற்றத்தை இணைத்து, அதே விளைவு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் பின்னால் செய்வதெல்லாம் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

அடுத்ததாக, தாய் ஈ முட்டையில் இட்டுச் செல்லும் இருப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். கருவின் முதல் 13 உட்கருப் பிளவுகள் பெரும்பாலும் தாய் தந்த ஆர்.என்.ஏ.வையும் புரதங்களையும் கொண்டே நடக்கின்றன. தொடக்கத்தில் ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை, ஜி1, ஜி2 இடைவெளிகளும் இல்லை. பதினான்காம் சுற்றில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் பொறுப்பேற்கின்றன. ஸ்டிரிங் என்ற மரபணு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதன் புரதம், பிளவைத் தூண்டும் நொதியான சிடிகே1 கைனேஸ் மீது ஒட்டியிருக்கும் தடைப் பாஸ்பேட்டுகளை நீக்கி, செல்லை ஜி2-விலிருந்து பிளவுக்குள் அனுப்புகிறது. இரு நகலும் பழுதான கரு, தாயின் இருப்பைக் கொண்டு 13 பிளவுகளையும் முடித்துவிட்டு, பதினான்காம் சுற்றின் ஜி2-வில் அப்படியே நின்றுவிடுகிறது. முதல் இரண்டு மணி நேரத்தை மட்டும் பார்ப்பவர், ஸ்டிரிங்குக்கும் பிளவுக்கும் தொடர்பே இல்லை என்று முடிவுகட்டியிருப்பார். எனவே முட்டையிட்ட நேரத்தைக் குறித்துக்கொண்டு, குறுகிய கால இடைவெளிகளில் கருக்களைச் சேகரிப்பது அவசியம்.

சேகரித்தவற்றைப் பதப்படுத்தியபின் மூன்று கேள்விகளுக்கு விடை தேடலாம். பாஸ்பேட் ஏறிய குரோமோசோம் புரதமான பாஸ்போ-ஹிஸ்டோன் எச்3-க்கான ஆன்டிபாடி, பிளவில் இருக்கும் செல்களைக் காட்டும். திசுவை உயிரோடு இருக்கும்போதே சிறிது நேரம் ‘எடு’ (EdU) என்ற, டி.என்.ஏ.வில் சேரும் நியூக்ளியோசைடில் ஊறவைத்தால், எஸ் கட்டத்திலிருக்கும் செல்கள் அதை ஏற்றுக்கொண்டு பின்னர் ஒளிரும். சிடிகே1-உடன் சேர்ந்து இயங்கும் புரதமான சைக்ளின் பி-க்கான ஆன்டிபாடி ஜி2-வில் வலுவாகத் தெரியும், ஜி1-இல் மங்கிவிடும். எச்3 குறி இல்லை, ‘எடு’ ஏறவில்லை, சைக்ளின் பி மட்டும் நிறைந்திருக்கிறது என்றால் தேக்கம் ஜி2-வில். மூன்றுமே இல்லையென்றால் பெரும்பாலும் ஜி1-இல். எச்3 குறி பெருகியிருந்தால் பிளவுகள் கூடிவிட்டன என்று மகிழ்ந்துவிட வேண்டாம். பிளவைத் தொடங்கி முடிக்க முடியாமல் தவிக்கும் செல்களும் அதே குறியைக் காட்டும்.

கரு உயிர்தப்பிப் புழுப் பருவம் வரை வந்தால், பின்னர் சிறகாகவும் கண்ணாகவும் மாறும் திசுக்களான சிறகு வட்டும் கண் வட்டும் நல்ல களங்கள். ஆனால் இயற்கையாகவே செல்கள் நிற்கும் இடங்களை அறிந்திருக்க வேண்டும். புழுவின் மூன்றாம் பருவத்தின் இறுதியில், சிறகு வட்டின் முதுகு-வயிற்றுப்புற எல்லையில் ஒரு பட்டைச் செல்கள் பிளவை நிறுத்திவிடுகின்றன. அதைச் சடுதிமாற்றத்தின் விளைவாக எண்ணிவிடக் கூடாது. கண் வட்டிலோ இந்த இயற்கை நிறுத்தமே அளவுகோலாகிறது. அங்கே நகர்ந்து செல்லும் பள்ளத்துக்குள் செல்கள் அனைத்தும் ஜி1-இல் நிற்கின்றன, அதற்குப் பின்னால் அவற்றில் பல ஒரு பட்டையாகச் சேர்ந்து எஸ் கட்டத்துக்குள் நுழைகின்றன. ரஃபெக்ஸ் மரபணு பழுதானால் பள்ளத்திலேயே செல்கள் முன்கூட்டி எஸ் கட்டத்துக்குள் போய்விடுகின்றன. வளர்ந்த ஈயின் சொரசொரப்பான கண்ணுக்குத் தொடக்கம் அங்கேதான். உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிளவு தேடும் இடமாக எடுக்க வேண்டாம், அதன் செல்கள் பிளவுறாமலே டி.என்.ஏ.வைத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொள்பவை.

முழுப் புழுவும் நலிந்திருந்தால், எஃப்.எல்.பி.–எஃப்.ஆர்.டி. முறையில் (எஃப்.எல்.பி. நொதி, எஃப்.ஆர்.டி. தளங்களில் இணைக் குரோமோசோம்களின் துண்டுகளை மாற்றுவது) பழுதான செல்களின் சிறு திட்டுகளை நல்ல திசுவுக்குள் உருவாக்கலாம். ஒரே பிளவில் பழுதான திட்டும் நல்ல இரட்டைத் திட்டும் அருகருகே பிறப்பதால், வயது வேறுபாடு என்ற சிக்கல் எழாது. ஒரு செல்லில் தொடங்கிய நல்ல திட்டு 48 மணி நேரத்தில் 16 செல்களாகியிருந்தால் இரட்டிப்புக் காலம் 12 மணி. பழுதான திட்டு 8 செல்களில் நின்றால் அது 16 மணி. செல் இறப்பு இல்லை என்று உறுதிசெய்த பின்னரே இக்கணக்கு செல்லும்.

இங்கே இன்னொரு கண்ணி உண்டு. ஸ்டிரிங்கை மிகுதியாக்கினால் ஜி2 குறுகுகிறது, அதற்கு ஈடாக ஜி1 நீண்டுவிடுகிறது. இரட்டிப்புக் காலம் ஏறத்தாழ மாறுவதில்லை. மொத்தக் காலத்தை மட்டும் அளப்பவருக்கு விளைவே இல்லை என்று தோன்றும். அதனால் கட்டங்களின் பங்கையும் தனியே அளக்க வேண்டும். வட்டுகளைப் பிரித்து, டி.என்.ஏ. சாயமேற்றி, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் செலுத்தினால் அது கிடைக்கும். செல்லின் பருமனையும் அதே ஓட்டத்தில் குறித்துக்கொள்ளலாம். எண்ணிக்கை கூடியும் திட்டின் பரப்பு மாறாதிருந்தால், பிளவு விரைந்திருக்கிறதே தவிர வளர்ச்சி விரையவில்லை.

இறுதிச் சோதனை, இழந்ததைத் திருப்பித் தருவது. வெப்ப அதிர்ச்சியால் இயங்கும் ஸ்டிரிங் நகலைக் கருவில் சேர்த்து, ஜி2-வில் தேங்கிய நேரத்தில் சூடேற்றினால் செல்கள் பிளவுக்குள் போகின்றனவா என்று பார்க்கலாம். போனால், சிடிகே1-க்குப் பிந்தைய படிகள் சரியாக உள்ளன. போகாவிட்டால், குறை ஸ்டிரிங்குக்குப் பின்னே இருக்கக்கூடும். வெப்பமே பிளவைத் தாமதப்படுத்தும் என்பதால், அந்த நகல் இல்லாத கருக்களையும் அதே நேரம், அதே வெப்பத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.