செஃப் வேலைக்கு ரெஸ்யூம் அனுப்புறீங்களா, இத ஒரு தடவ பாத்துக்கங்க

ஹோட்டல் கிச்சன் வேலைக்கு அப்ளை பண்றவங்க நிறைய பேர் "ஹார்ட் ஒர்க்கிங், டீம் பிளேயர்"னு மேல நாலு வரி எழுதிட்டு எந்த செக்‌ஷன்ல நின்னாங்கன்றத விட்டுடுறாங்க, செஃப் மொதல்ல தேடுறதே அதத்தான். கமி 2, கமி 1 (ஜூனியர் குக்), டெமி சிடிபி (சிடிபிக்கு அடுத்த ஆள்), சிடிபி (ஒரு செக்‌ஷனப் பாத்துக்குற செஃப்)னு உங்க போஸ்ட் என்னவோ அத பேருக்குக் கீழயே போட்டுருங்க, கூடவே தந்தூரா, சவுத் இண்டியனா, பேக்கரியானு.

அப்புறம் நம்பர் ரொம்ப முக்கியம். "சமையல் செய்தேன்"னு போட்டா ஒண்ணும் புரியாது, "150 கவர் பிரேக்ஃபாஸ்ட் பஃபேல தோசை லைவ் கவுன்ட்டர், மாவு அரைக்கிறதுலேர்ந்து குளோசிங் வரைக்கும் நான்தான்"னு எழுதுனா (கவர்னா சாப்பிடுற ஆள் கணக்கு) உங்க கை வேகம் தெரிஞ்சுடும். இன்டென்ட் (ஸ்டோர்லேர்ந்து சரக்கு கேக்குற லிஸ்ட்) போட்டது, ஃபுட் காஸ்ட் பாத்தது, ஜூனியர் பசங்களுக்கு சொல்லிக் குடுத்தது இருந்தா கட்டாயம் சேருங்க, சிடிபிக்கு மேல போகணும்னா இதத்தான் பாப்பாங்க.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயோட ஃபாஸ்டாக் (FoSTaC) உணவுப் பாதுகாப்பு ட்ரெய்னிங் சர்டிஃபிகேட் இருந்தா அதுவும் வரட்டும், இல்லன்னா சில மணி நேர கிளாஸ்தான், முடிச்சுடுங்க.

பிளேட்டிங் போட்டோவ ரெஸ்யூம்லயே ஒட்டாம தனி பிடிஎஃப்பா வைங்க, நீங்களே செஞ்ச டிஷ் மட்டும் இருக்கட்டும், ஏன்னா ஃபுட் ட்ரையல்ல அதையே செஞ்சு காட்டச் சொல்லலாம்.